கிளைசெமிக் இண்டெக்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கேள்வி: உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஜி.ஐ.), வெள்ளை ரொட்டிக்கு ஒரு அட்டவணையில் 75, இன்னொன்றில் 100 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அளவுகோல்தான் வேறு. உடல் கிரகிக்கும் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், நார்ச்சத்தைக் கழித்தது) 50 கிராம் இருக்கும்படி உணவை எடுத்து, வெறும் வயிற்றில் சாப்பிடவைத்து, 2 மணி நேரம் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கிறார்கள். சர்க்கரை வரைபடத்தில் வெறும் வயிற்று அளவுக்கு மேலே ஏறிய பரப்பு, அதே நபர் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது ஏறிய பரப்பில் எத்தனை சதவீதமோ அதுதான் ஜி.ஐ. சில அட்டவணைகளில் குளுக்கோஸுக்குப் பதில் வெள்ளை ரொட்டியையே 100 என்று வைத்திருப்பார்கள். அந்த எண்களை 0.7ஆல் பெருக்கினால் குளுக்கோஸ் அளவுகோலுக்கு வந்துவிடும். ரொட்டியின் 100 இப்படி 70 ஆகும்; 70, 75 என்ற சில்லறை வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ரொட்டிக்கு ரொட்டி மாவு மாறும், புளிக்கவிடும் நேரமும் மாறும். 55 வரை குறைவு, 70இலிருந்து அதிகம் என்ற எல்லைகள் குளுக்கோஸ் அளவுகோலுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு அட்டவணைகளையும் கலந்து பயன்படுத்தினால் நல்ல உணவுகள்கூடத் தடைப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: தர்பூசணிக்கு 76. நீரிழிவுக்காரர்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 120 கிராம் துண்டில் மாவுச்சத்து சுமார் 6 கிராம்தான். 76 × 6 ÷ 100 = 4.6. இதுதான் கிளைசெமிக் லோட், சாப்பிடும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் எண். ஒரு பரிமாறலுக்கு 10 வரை குறைவு, 20இலிருந்து அதிகம். அரைப் பழத்தை ஒரே மூச்சில் முடிப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது!

கேள்வி: பல உணவுகள் சேர்ந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எப்படிக் கணக்கிடுவது? உணவியல் நிபுணராகப் பணியைத் தொடங்கியிருக்கிறேன்.

பதில்: பலரும் சறுக்கும் இடம் இது. ரொட்டி 2 துண்டு (மாவுச்சத்து 30 கிராம், ஜி.ஐ. 75), வேகவைத்த பருப்பு (20 கிராம், 32), ஒரு ஆப்பிள் (15 கிராம், 36) என்று வைத்துக்கொள்வோம். மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 48 வரும். அது தவறு. ஒவ்வொன்றின் மாவுச்சத்தையும் அதன் ஜி.ஐ.யால் பெருக்கிக் கூட்டினால் 3430. மொத்த மாவுச்சத்து 65ஆல் வகுத்தால் 53.

53 என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள், லோட் (3430 ÷ 100) 34 இருக்கிறது. ரொட்டியில் ஒரு துண்டைக் குறைத்துப் பாருங்கள்: ஜி.ஐ. 46, லோட் 23. அதனால்தான் முதலில் மாவுச்சத்தின் அளவை முடிவுசெய்யுங்கள் என்கிறோம். அதன் பிறகு, ஒரே வகை உணவுகளுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஜி.ஐ.யைப் பயன்படுத்துங்கள்.

இந்த எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் கொழுப்பும் புரதமும் ரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தை மாற்றிவிடும். வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 78, எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கு 56. இதைப் பார்த்து சிப்ஸைப் பரிந்துரைப்பவர் உணவியல் படித்தே பயனில்லை. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். கிழங்கை வேகவைத்து ஆறவைத்தாலும் எண் இறங்கும். மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும்.

உணவுக்கு முன் விரைவாகச் செயல்படும் இன்சுலின் போடுபவருக்குப் பருப்பு நிறைந்த, கொழுப்பு கூடிய சாப்பாட்டை எழுதித் தரும்போது கவனம் தேவை. மருந்து முந்திக்கொள்ளும், சர்க்கரை பிந்தி வரும். முதலில் தாழ்நிலை, 3, 4 மணி நேரம் கழித்து ஏற்றம் என்று போகலாம். 2 மணி நேர அளவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. இரைப்பை மெதுவாகக் காலியாகும் நோய் உள்ளவருக்கும் நார்ச்சத்து மிகுந்த குறைந்த ஜி.ஐ. உணவு ஒத்துவராது. சிறுநீரக நோயாளிக்குப் பருப்பைக் கூட்டுமுன் ரத்தப் பொட்டாசியத்தைப் பாருங்கள்.

கேள்வி: சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்போது சாக்லேட் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அதன் ஜி.ஐ. 40தான், கொழுப்பும் அதிகம், வேலை செய்யத் தாமதமாகும். நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரையைக் கொடுத்தாலும் விரைவான பலன் இருக்காது. அதைக் குளுக்கோஸாகப் பிரிக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் மட்டுமே.