டிசம்பருக்குள் வந்து சேரும் பிள்ளைகளுக்கு எந்த நாட்காட்டி?

அன்புத் தங்கைக்கு,

நவம்பர் நடுவில் பிள்ளைகள் இருவரோடும் மண்டபத்திலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து சேரப்போவதாகவும், அதற்குள் உங்கள் கணவர் இங்குள்ள கடையொன்றின் அலமாரியைப் படமெடுத்து அனுப்பி, இவற்றில் எதை வாங்குவது என்று உங்களையே கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கிறிஸ்துமஸ் வரை நாளுக்கொன்றாகத் திறந்து உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ள 24 சிறு கதவுகள் கொண்ட அந்த அட்வென்ட் நாட்காட்டியை வாங்கத்தான் வேண்டுமா, சாக்லேட் வைத்ததை எடுப்பதா விளையாட்டுச் சாமான் வைத்ததை எடுப்பதா, ஐந்து வயது மகளுக்கும் இரண்டு வயது மகனுக்கும் சேர்த்து ஒன்று போதுமா, கிறிஸ்துமஸ் கொண்டாடாத உங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை, ஊரிலிருந்து எதையாவது எடுத்து வரலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

வாங்குங்கள் என்பதே என் பதில். மகளுக்குக் கிண்டர்கார்டனில் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் முதலில் அதற்கு என் வாழ்த்து. டிசம்பர் 1 தொடங்கி 24 வரை, காலையில் மேலங்கியையும் காலணியையும் கழற்றி மாட்டும்போதே, உன் கதவுக்குள் இன்றைக்கு என்ன இருந்தது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஜெர்மன் மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல் அந்தக் கூட்டத்துக்குள் நுழையும் குழந்தைக்கு, நாய், வண்டி, தீயணைப்பு வீரர் என்று நாளுக்கு ஒரு சொல்லாவது சொல்ல வாய்ப்பு அமைவது பெரிய உதவி. இந்த ஆண்டு உங்கள் மகளுக்கான நாட்காட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையே முதல் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் திறந்து பார்த்ததை அவளால் இன்னொரு பிள்ளையிடம் பெயர் சொல்லிக் காட்ட முடியுமா? முடியும் என்றால் அது நல்ல நாட்காட்டி.

மதம் குறித்த தயக்கத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. தங்கச்சிமடத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம், அதாவது அட்வென்ட், என்றால் கோயிலில் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுவத்தி கூடுவதும், குடில் கட்ட வைக்கோலும் மணலும் சேர்ப்பதும்தான். நாளுக்கொரு கதவு திறப்பதை இங்கே வந்த பிறகே கண்டேன். அது ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் திருச்சபைக் குடும்பங்களின் வழக்கம். வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் 24 கோடுகள் போட்டு, நாளுக்கு ஒன்றாக அழித்து வந்ததாக 19ஆம் நூற்றாண்டு வழக்கத்தைச் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் கெர்ஹார்ட் லாங் என்பவர் அதை நாட்காட்டியாக அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். போர்க்காலத்துத் தாள் தட்டுப்பாட்டில் அந்தத் தொழில் நின்றுபோக, 1946இல் மறுபடி தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் செல்மர் நீங்கள் குடியேறப்போகும் ஸ்டுட்கார்ட்காரரே. இன்று எங்கள் தெருவில் கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றும் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறது. யாரும் அதை வழிபாடாக எண்ணுவதில்லை. மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஒரு மாதத்தைப் பிள்ளைகள் கடப்பதற்கான வழியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி, எதை வாங்குவது? சாக்லேட் நாட்காட்டி மலிவானது, சில யூரோக்களில் முடிந்துவிடும். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் இனிப்பைத் தின்றுவிட்டு உணவைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை 24 நாள் பழக்கிவிட்டுப் பிறகு அதை மாற்றுவது உங்கள் பாடு. விளையாட்டுச் சாமான் உள்ளவற்றின் விலை பெரும்பாலும் 20 யூரோவுக்கும் 30 யூரோவுக்கும் இடையில் இருக்கும், திரைப்படப் பாத்திரங்களின் உருவம் போட்டவை அதற்கும் மேலே போகும். கதவுக்கு ஏறத்தாழ ஒரு யூரோ என்று வைத்துப் பார்த்தாலே, உள்ளே இருப்பது எவ்வளவு சிறியதாக இருக்கும் என்று புரிந்துவிடும். ஆகவே பெட்டியின் பருமனைக் கண்டு ஏமாற வேண்டாம். காற்றையும் அட்டையையும் கொண்டு பெட்டியைப் பெரிதாக்குவது எல்லா நிறுவனங்களும் அறிந்த வித்தை.

இந்தச் சாமான்களில் இரண்டு குலம் உண்டு. ஒன்றில் 24 பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை: ஒரு ரப்பர் வாத்து, ஒரு சாவிக்கொத்து, ஒரு வளையல், அமுக்கினால் நசுங்கும் ஒரு பழப் பொம்மை. கடையில் பார்க்க இதுவே வண்ணமயமாக இருக்கும், அதிலும் பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுப் பெட்டிகள் கண்ணைப் பறிக்கும். பொங்கலுக்குள் அவ்வளவும் குப்பைத் தொட்டியில் இருக்கும். மற்றதில் 24 பொருள்களும் சேர்ந்து ஒரே காட்சியாகும். பிளேமொபில் என்ற பொம்மை நிறுவனத்தின் நாட்காட்டிகள் இந்த வகையின் நல்ல உதாரணம். பண்ணை, காடு, தபால் நிலையம் என்று ஏதோ ஓர் இடம் நாளுக்கு நாள் ஆட்களாலும் விலங்குகளாலும் நிறைந்துகொண்டே வரும், 10ஆம் நாள் வந்த குதிரைக்கு 11ஆம் நாள் தீவனம் வரும், பிள்ளை நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று விளையாட்டைத் தொடரும். கோத்துக் கட்டும் கட்டைகளுக்குப் பேர்போன லெகோ நிறுவனம் 1998 முதல் இத்தகைய நாட்காட்டிகளை வெளியிட்டு வருகிறது. அதில் சிட்டி என்ற வரிசை ஐந்து வயதிலிருந்து என்று குறிக்கப்பட்டிருக்கும். அதன் குறை என்னவென்றால், சில கதவுகளுக்குள்தான் மனித உருவம் இருக்கும், மற்ற நாள்களில் ஏழெட்டுத் துண்டுகளைக் கோத்துச் செய்யும் குட்டிச் சறுக்குவண்டியோ விளக்குக் கம்பமோ வரும். கட்டுவதில் ருசி கண்ட குழந்தைக்கு அது குறையே அல்ல. பொம்மைகளைப் பேசவைத்து விளையாடும் குழந்தைக்கு அந்த நாள்கள் சப்பென்று போகும். குதிரைப் பைத்தியமான பிள்ளைகளுக்கு ஷ்லைக் நிறுவனத்தின் விலங்கு நாட்காட்டி உண்டு. கோஸ்மோஸ் நிறுவனத்தின் அறிவியல் சோதனைப் பெட்டிகளும் புதிர்ப் பெட்டிகளும் அருமையானவை, ஆனால் அவை வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. உங்கள் மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

உங்கள் மகள் மண்டபத்தில் எதை வைத்து அதிக நேரம் விளையாடுகிறாள் என்று இந்த வாரம் கவனித்துப் பாருங்கள். சொப்புச் சாமானை அடுக்கிச் சமைத்து எல்லாருக்கும் பரிமாறுகிறவள் என்றால் பிளேமொபில் பண்ணை, எதையும் கழற்றி மாட்டுகிறவள் என்றால் லெகோ சிட்டி. அவளிடம் ஏற்கெனவே உள்ள சாமானோடு சேரக்கூடியதாக இருந்தால் 25ஆம் தேதிக்குப் பிறகும் அது உயிரோடிருக்கும். கணவரிடம் பெட்டியின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; உள்ளே இருப்பவற்றின் படம் பெரும்பாலும் அங்கே அச்சிடப்பட்டிருக்கும், அதில் எத்தனை மனித உருவங்கள், எத்தனை வெறும் அலங்காரங்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் வைக்கும்போது அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வயது மகன் விஷயம்தான் நான் அதிகம் கவலைப்படுவது. மேலே சொன்ன விளையாட்டுச் சாமான் பெட்டிகளில், 0–3 என்ற எண்ணும் ஒரு முகமும் போட்டுச் சிவப்புக் கோட்டால் அடித்த வட்டக் குறி இருக்கும்; மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது என்று பொருள். இதைச் சும்மா அச்சிடுவதில்லை. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனைக் குழாய்க்குள் முழுவதும் அடங்கிவிடும் துண்டு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது ஐரோப்பிய விதியின் கணக்கு. வீட்டில் சோதிக்கக் கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழல் போதும். அது அந்தச் சோதனைக் குழாயைவிடச் சற்று அகலமானது, ஆகவே அதற்குள் நுழையும் எதையும் சின்னவன் கையில் தராமலிருந்தால் இன்னும் பத்திரம். பொத்தான் பேட்டரியோ சிறு காந்தமோ உள்ள நாட்காட்டியை, மகளுக்கென்றாலும்கூட, சின்னவன் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்; அவற்றை விழுங்கினால் குடலும் உணவுக்குழாயும் புண்ணாகி அறுவை சிகிச்சை வரை போய்விடும்.

எனவே இருவருக்கும் ஒரே நாட்காட்டி என்பது சரிவராது. அக்காள் கதவைத் திறக்கும்போது தம்பி கைகட்டி வேடிக்கை பார்ப்பான் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மகளின் கதவை மேசைமேல் மட்டுமே திறப்பது, திறந்ததும் துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வைப்பது என்ற ஒழுங்கை முதல் நாளிலேயே ஏற்படுத்திவிட்டு, மகனுக்கு நீங்களே ஒன்றை நிரப்பிக் கொடுங்கள். வெறும் துணிப்பைகள் 24 கோத்த சரங்கள் இங்கே எல்லாக் கடைகளிலும் விற்கின்றன. ஆனால் நாளுக்கு இரண்டு யூரோவுக்கு ஏதாவது வாங்கிப் போட்டால் 48 யூரோ ஆகிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அதைவிட, ஒன்றரை வயதிலிருந்தே தரக்கூடிய, லெகோ நிறுவனத்தின் டுப்ளோ பெட்டி ஒன்றை வாங்கி, அதன் பெரிய கட்டைகளையும் விலங்குகளையும் 24 பங்காகப் பிரித்துப் போட்டால் செலவும் அடங்கும், மாத முடிவில் ஒரு முழு விளையாட்டும் சேர்ந்துவிடும். அந்தப் பெட்டி பழையதானாலும் குற்றமில்லை; இங்கே பிள்ளைகளின் பழைய சாமான்களுக்கென்றே சந்தை கூடும்.

ஊரிலிருந்து எடுத்துவர எனக்கு ஒரு யோசனை உண்டு. துணிப்பைச் சரத்துக்குப் பதிலாக, உள்ளங்கை அளவில் மூடி போட்ட பனையோலைக் கொட்டான்கள் 24 கொண்டுவாருங்கள். நம் இராமநாதபுரம் சீமையில் பனைக்கா பஞ்சம்? உச்சிப்புளிப் பக்கமோ சாயல்குடிப் பக்கமோ ஓலை முடையும் கைகள் இன்னும் இருக்கின்றன. ஒரே அளவில் முடைந்து தரச் சொன்னால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காமல், உள்ளே பிள்ளைகளின் காலுறைகளைத் திணித்தே பெட்டியில் வைத்துவிடலாம், எடையும் இராது. ஐப்பசி மழையில் ஓலை ஈரம் குடித்திருக்கும் என்பதால், வெயில் அடிக்கும் நாளில் நன்றாகக் காயவைத்த பிறகே கட்டுங்கள், இல்லையேல் திறக்கும்போது பூசணம் பூத்திருக்கும். சாயமேற்றாத ஓலையாகவே கேளுங்கள். சின்னவன் கொட்டானையும் வாயில் வைப்பான்.

அந்தக் கொட்டானுக்குள் போடவென்று இராமேசுவரம் கடைத்தெருவில் சிப்பி, சங்கு, பவளத்துண்டு எதையும் வாங்கிவிட வேண்டாம். கடற்குதிரையும் பவளமும் சில வகைச் சங்குகளும் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. இங்கே விமான நிலையச் சுங்கத்திலும் பவளம் பிடிபட்டால் அபராதம் வரை போகும். கடையில் வெளிப்படையாக விற்பதால் எடுத்துவரத் தடையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாலையும் பால்பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் கொண்டுவர அனுமதியில்லை. கருப்பட்டி கொண்டுவரலாம், பொடித்துச் சிறு பொட்டலமாக வைத்தால் மகளுக்கு இரண்டொரு நாள் மாறுதலாக இருக்கும்.

மகளுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். பிக்ஸி என்று 10 சென்டிமீட்டர் சதுர அளவில் குட்டிப் படக்கதைப் புத்தகங்கள் இங்கே உண்டு. அவற்றில் 24 அடங்கிய நாட்காட்டியும் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. மொழி கற்க அதைப்போல் வேறில்லை என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வந்த முதல் மாதத்திலேயே புத்தகத்தைக் கொடுத்து அதையும் பாடமாக்கிவிடாமல், அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வதே என் விருப்பம். கதவுகளில் எண்கள் வரிசையாக இல்லாமல் கலைந்து கிடப்பதால், காலையில் எண்ணைத் தேடுவதிலேயே அவள் ஜெர்மன் எண்களைக் கற்றுவிடுவாள். இருபத்தொன்றை ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்லும் அவர்கள் வழக்கம் உங்களுக்குத்தான் சிரமமாக இருக்கும்.

டிசம்பர் 5 இரவு பிள்ளைகளின் காலணியைத் துடைத்து வாசலில் வைக்க மறக்க வேண்டாம். மறுநாள் புனிதர் நிக்கோலவுஸின் திருநாள், காலணிக்குள் ஒரு மாண்டரின் ஆரஞ்சும் ஒரு கைப்பிடிக் கடலையும் இருந்தால் போதும். அது நாட்காட்டியோடு சேராத தனி வழக்கம். கடலையைச் சின்னவன் காலணியில் போடாதீர்கள்.

கடைசியாக, எப்போது வாங்குவது என்பது. இந்தப் பெட்டிகள் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும், நவம்பர் முடிவதற்குள் பிள்ளைகள் கேட்கும் வகைகள் தீர்ந்துவிடும், டிசம்பர் தொடங்கியதும் எஞ்சியவற்றின் விலை சரியத் தொடங்கும். எண்கள் தேதியை மட்டுமே குறிக்கும், கிழமையைக் குறிப்பதில்லை என்பதால், விளையாட்டுச் சாமான் நாட்காட்டியைச் சென்ற ஆண்டு மிச்சமானதாக வாங்கினாலும் நாள் தவறாது. அடுத்த ஆண்டுக்கானதை இந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மலிவாக வாங்கி ஒளித்து வைப்பவர்கள் எங்களில் பலர். இந்த ஆண்டுக்கானதை உங்கள் கணவர் இந்த வாரமே வாங்கட்டும். படத்தில் இடப்பக்கம் மேல்தட்டில் தெரிந்த பண்ணைப் பெட்டியைத்தான் நான் எடுத்திருப்பேன். அதைப் பாதாள அறையில் வைக்காமல், ஈரம் தாக்காத அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். விமானம் ஏறும் தேதி உறுதியானதும் எனக்கு எழுதுங்கள். பழைய டுப்ளோ கட்டைகள் எங்கள் வீட்டில் ஒரு கூடை இருக்கின்றன, புதிதாக வாங்கிவிட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா