பின்னோக்கி ஓடியவன்

அன்புள்ள சார்,

நான் ஒஹாயோவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். உங்கள் சிகாகோ நாட்களைப் பற்றிய குறிப்புகளில் ஃபுட்பால் அடிக்கடி தலைகாட்டுவதால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கரின் மகன் ஒரு கல்லூரி அணியில் கார்னர்பேக். இரண்டு வருடம் ஆகிறது, பெரும்பாலும் பெஞ்சில்தான். இந்த வசந்தகாலப் பயிற்சிக்கு முன் கோச் கூப்பிட்டு ‘இனி நீ வைடு ரிசீவர்’ என்று சொல்லிவிட்டாராம். பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்கோ கோபம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் புலம்பினார். எட்டு வயதிலிருந்து பின்னோக்கி ஓடப் பழகியவனை இப்போது முன்னால் ஓடச் சொல்கிறார்கள், இரண்டு வருட உழைப்பு வீண், இது மரியாதையாக வெளியே அனுப்புகிற வழி என்கிறார். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் பையன் தினமும் இரவு பத்து மணி வரை கராஜ் கதவில் டென்னிஸ் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறான். என் மனைவிக்குத் தலைவலி.

அந்த இரண்டு வருடம் உண்மையிலேயே வீண்தானா? ஒரு வேலையைக் கற்றவன் அதற்கு நேர் எதிரான வேலைக்கு மாற முடியுமா? அவருக்கு நான் என்ன சொல்வது?

எஸ்.,
கொலம்பஸ்

*

அன்புள்ள எஸ்.,

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக முதலில் ஓர் அறிமுகம். இது காலால் உதைக்கிற கால்பந்து அல்ல, அமெரிக்கர்கள் இரண்டு முனையும் கூரான பந்தை வைத்து ஆடுவது. குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். மைதானத்தின் ஓரமாக நின்று, ஓடிப்போய் அதைப் பிடிப்பவன் வைடு ரிசீவர். அவனைப் பிடிக்கவிடாமல் ஒட்டிக்கொண்டே வரும் எதிரணிக்காரன் கார்னர்பேக். ஆட்டம் தொடங்கியதும் ரிசீவர் முன்னால் பாய்வான், கார்னர் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுவான். கபடியில் பாடி வருகிறவனைப் பார்த்துக்கொண்டே பின்வாங்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்.

இடம் மாறுவது இந்த ஆட்டத்தில் சகஜம். ஆனால் ரிசீவர், கார்னர் இரண்டுக்கும் நடுவில் ஆள் போவது பெரும்பாலும் எதிர்த்திசையில்தான். பள்ளியில் வேகமாக ஓடுகிற எல்லாப் பையன்களுக்கும் பந்தைப் பிடிக்கத்தான் ஆசை. கல்லூரிக்கு வந்தால் ரிசீவர் வரிசையில் கூட்டம், கார்னருக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். கையில் பந்து நிற்காதவனாகப் பார்த்துக் கோச் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். ‘கேட்ச் பிடிக்கத் தெரியாத ரிசீவருக்குப் பெயர்தான் கார்னர்பேக்’ என்று ஃபுட்பால்காரர்களே கேலி பேசுவார்கள்.

ரிச்சர்ட் ஷெர்மன் அப்படிப் போனவர். 2006-இல் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவர். அந்த அணி அந்த வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஜெயித்தது. அந்த லட்சணத்திலும் முதலாம் ஆண்டுப் பையனான ஷெர்மன் பிடித்த பந்துகளில் 581 கெஜம் சேர்த்தார். 2008-இல் முழங்காலில் அடி. அதற்கப்புறம் கார்னருக்கு மாறினார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்டில், 2011-இல், ஐந்தாம் சுற்றுவரை யாரும் சீண்டவில்லை, 154-ஆவது ஆளாக சியாட்டில் எடுத்தது. 2014 ஜனவரி 19 அன்று, சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்துக்குப் போவது சியாட்டிலா சான் ஃபிரான்சிஸ்கோவா என்று தீர்மானிக்கிற ஆட்டம். கடைசி நிமிடத்தில் எண்ட் ஸோனின் (பந்தைக் கொண்டு சேர்த்தால் புள்ளி கிடைக்கும் கடைசிப் பகுதி) மூலைக்கு எதிரணி ரிசீவர் மைக்கேல் கிராப்ட்ரீயைத் தேடி வந்த பந்தை எம்பித் தட்டினார். தட்டிய பந்து சக வீரர் கையில் போய் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. அந்தத் தட்டலைப் பார்க்கும்போதெல்லாம், பந்து எந்த நேரத்தில் எந்த உயரத்தில் வரும் என்று ஒரு பழைய ரிசீவர் கணக்குப் போட்டதாகத்தான் எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாருங்கள். ஏற்கனவே கூட்டமாக இருக்கிற வரிசைக்கு ஒரு கோச் ஏன் தன் கார்னர் ஒருவனை அனுப்ப வேண்டும்? வெளியே அனுப்ப நினைப்பவர் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளமாட்டார். 2018-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, ‘வேறு கல்லூரி பார்த்துக்கொள்’ என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். வசந்தகாலத்தில் அனுமதிக்கப்படுவது மொத்தம் பதினைந்து பயிற்சி. அதில் களத்தில் இறங்கும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் அடிதடி. அந்தப் பதினைந்தில் புதியவனுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார் என்றால், அவன் கையில் பந்து இருந்தபோது எதையோ பார்த்திருக்கிறார்.

சரி, இரண்டு வருடத்தில் பையன் என்ன சேர்த்திருப்பான்?

கார்னருக்குச் சொல்லித்தரும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று, ரிசீவரின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்பது. கண்ணும் தோளும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். ஆனால் கார்னருக்கும் ஓர் இடுப்பு இருக்கிறதே. பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பவன் ஏதோ ஒரு கட்டத்தில் அதைத் திருப்பி முன்னோக்கி ஓட வேண்டும். அவனுடைய உயிர்நிலை அந்த அரை நொடி. ஒரு பக்கம் திருப்பிவிட்டால் மறுபக்கம் திரும்ப அவகாசம் கிடையாது. நல்ல ரிசீவர் அதற்காகவே இருவருக்கும் நடுவில் உள்ள ஐந்தாறு கெஜ இடைவெளியை நேராக ஓடி விழுங்குவான். கார்னர் பதறி இடுப்பைத் திருப்புவான். திருப்பிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ரிசீவர் வெட்டுவான். அவ்வளவுதான், அவனைச் சுற்றி ஆள் இல்லை.

ரிசீவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்குவார்கள். உங்கள் பையன் அந்த அரை நொடியில் இரண்டு வருடம் அடிவாங்கியவன். எப்போது தனக்கு வயிற்றைக் கலக்கும் என்று அவனுக்குத் தெரியும். இனி அதை அடுத்தவனுக்குச் செய்ய வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்து ரிசீவர் எத்தனை கெஜம் தள்ளி நின்றால் என்ன சூழ்ச்சி என்று ஊகிப்பதுகூடக் கார்னரின் அன்றாட வேலைதான். அதையும் மறக்கப்போவதில்லை.

அவனுக்கு இடறப்போகும் இடம் வேறு. கார்னர் எப்போதும் இரண்டாவதாக அசைகிறவன், எதிராளி செய்வதற்கு ஈடு கொடுப்பவன். பையனின் உடம்பு இத்தனை வருடமும் காத்திருக்கத்தான் பழகியிருக்கிறது. ரிசீவர் முதலில் கிளம்ப வேண்டும், அதுவும் தாளம் தப்பாமல். ஓடும் பாதைகளுக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் இரட்டைப்படை என்றால் மைதானத்தின் உள்பக்கம், ஒற்றைப்படை என்றால் வெளிப்பக்கம், ஒன்பது என்றால் நேரே ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மனப்பாடம் பண்ண ஒரு மாலை போதும். ஆனால் குவார்ட்டர்பேக் பல சமயம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். பன்னிரண்டாவது கெஜத்தில் வெட்ட வேண்டியவன் பதின்மூன்றில் வெட்டினாலோ, கூராக வெட்டாமல் வளைந்து ஓடினாலோ, பந்து வந்து சேரும் இடத்தில் அவன் இருக்கமாட்டான். கார்னர் இருப்பான். பந்து பறிபோனது குவார்ட்டர்பேக்கின் கணக்கில் ஏறும். யார் தப்பு என்று அவருக்குத் தெரியும். அப்புறம் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே குறைந்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் பந்தயம் கட்டித் தோற்றவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2006-இல் டெவின் ஹெஸ்டர் சிகாகோவின் தொழில்முறை அணியான பேர்ஸுக்கு வந்தார். மயாமி பல்கலைக்கழகத்துப் பையன். இரண்டாம் சுற்றில் 57-ஆவதாகக் கார்னர் என்று சொல்லி எடுத்தார்கள். எதிரணி உதைக்கும் பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடும் வேலையும் அவருக்கு. அந்த முதல் பருவத்திலேயே அப்படி எண்ட் ஸோன் வரை ஓடிப்போய் ஆறு டச்டவுன். அதில் ஒன்று, நியூயார்க் ஜயன்ட்ஸ் கோலுக்கு உதைத்துக் குறி தப்பிய பந்தைப் பிடித்து 108 கெஜம் ஓடியது. 2007 பிப்ரவரி 4, மயாமியில் மழையில் நடந்த சூப்பர் பௌல். வெளியே சிகாகோவின் உறைகுளிர். நண்பர் வீட்டில் பதினைந்து பேர் ஒரே டிவி முன்னால். நான் தட்டில் சிக்கன் எடுத்து வைத்துக்கொண்டு திரும்புவதற்குள், ஆட்டத்தின் முதல் உதையையே பிடித்து 92 கெஜம் ஓடிவிட்டார். பாதியைத்தான் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் பேர்ஸ் 29-17 என்று தோற்றது வேறு கதை.

அந்தக் கோடையில் அவரை ரிசீவராக மாற்றினார்கள். ஊரே கொண்டாடியது, நானும்தான். என் எதிர் மேஜையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணக்காளர். அவர் அப்பா காலத்திலிருந்தே பேர்ஸ் ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்த குடும்பம். ஹெஸ்டர் ஒரு பருவத்தில் ஆயிரம் கெஜம் தாண்டுவார் என்று அவரிடம் ஒரு மதியச் சாப்பாட்டைப் பந்தயம் கட்டினேன். அவர் சிரித்தார். “பந்து கைக்கு வந்த பிறகு ஓடுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ரிசீவரின் வேலை பந்து வருவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி முடிந்துவிடும் தம்பி” என்கிற மாதிரிச் சொன்னார். தம்பி மட்டும் என் மொழிபெயர்ப்பு.

2009-இல் 57 கேட்ச், 757 கெஜம். அதுதான் ஹெஸ்டரின் உச்சம். மோசமில்லை, ஆனால் ஆயிரம் கடைசிவரை வரவில்லை. நான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். 2013-இல் புதிய கோச் வந்து அவரை ரிசீவர் வேலையிலிருந்து விடுவித்து, உதைத்த பந்தோடு ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார். 2024-இல், மகத்தான வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது அந்த ஓட்டத்துக்காகத்தான். மொத்தம் இருபது டச்டவுன், அது சாதனை. கார்னராகவும் இல்லை, பெரிய ரிசீவராகவும் இல்லை. இதை அந்த அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பையனின் சுவரில் அநேகமாக டிராவிஸ் ஹன்டரின் படம் தொங்கும். கொலராடோவில் டியான் சாண்டர்ஸிடம் ஆடி, 2024-இல் ரிசீவராக 96 கேட்ச், 1,258 கெஜம், கார்னராக எதிரணி எறிந்த பந்தைப் பறித்த இன்டர்செப்ஷன் நான்கு, மேலே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. ஒரே ஆட்டத்தில் நூறு முறைக்கும் மேல் களத்தில் இறங்கியதும் உண்டு. ஆனால் ஹன்டர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார். அவருடைய கோச்சும் அந்த ஜாதிதான். சாண்டர்ஸ் 1996-இல் டல்லஸுக்குக் கார்னராக ஆடிக்கொண்டே 36 கேட்ச் பிடித்தவர்.

ஒரு காலத்தில் எல்லாரும் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடினார்கள். 1945 அக்டோபரில் யாங்கீ ஸ்டேடியத்தில் ராணுவ அகாதமி அணியைச் சந்தித்த மிச்சிகன் கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், போர்க்காலத்தில் ஆள்மாற்று விதி தளர்ந்திருந்ததை வைத்து, தாக்க ஒரு குழு, தடுக்க ஒரு குழு என்று பிரித்தார். 28-7 என்று தோற்றார். யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது. 1953-இல் கல்லூரி விதிகள் அதை முடக்கின, அறுபதுகளின் நடுவில் திரும்பவும் விட்டுவிட்டார்கள். அந்த அப்பா இன்று திட்டுகிற சுவர் அப்படி எழுந்ததுதான்.

அவரிடம் கேட்கச் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பையனிடம் இன்னும் எத்தனை பருவம் மிச்சம்? ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவம் என்பது நெடுநாளைய கணக்கு. 2018-லிருந்து நான்கு ஆட்டம் வரை இறங்கினாலும் அந்தப் பருவத்தைச் செலவில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான் என்கிறீர்கள். அப்படியானால் ஒரு பருவம் கையில் மீந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. மூன்று மிச்சம் என்றால் நிதானமாகக் கற்கலாம். இரண்டுதான் என்றால் அப்பாவின் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

இலையுதிர் காலத்தில் களத்தில் இறங்கினாலும் உடனே அவனுக்குப் பந்து வந்துவிடாது. மற்றவன் பந்தோடு ஓடும்போது எதிராளியை மறித்து நிற்கிற வேலைதான் முதலில் கிடைக்கும். முட்டி மோதத் தயங்கும் ரிசீவர்கள் நிறைய. கார்னராக இருந்தவனுக்கு ஓடி வருகிறவனைப் பிடித்துச் சாய்த்துப் பழக்கம் உண்டு. அவன் முதலில் பிழைப்பது அதில்தான் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை பந்தயம் கட்டவில்லை.

டென்னிஸ் பந்து விஷயம். கார்னரின் கை பந்தைத் தட்டிவிடப் பழகிய கை. விரல்கள் விறைத்து உள்ளங்கை முன்னால் வரும். ரிசீவர் விரல் நுனியில் வாங்க வேண்டும், பந்தோடு கை கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டென்னிஸ் பந்து சின்னது, துள்ளும். உள்ளங்கையால் அடித்தால் நிற்காது, அதனால்தான் அதை வைத்துப் பழகுகிறான். இன்று இரவு ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். கதவில் ‘டம்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே தரையில் ‘டொக் டொக்’ என்று துள்ளினால் பிடியிலிருந்து நழுவிவிட்டது. ‘டம்’முக்கு அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பிடித்துவிட்டான். நூறு எறிக்கு எத்தனை ‘டொக்’ என்று எண்ணி, ஜூலைக் கடைசியில் இன்னொரு தடவை எண்ணி எனக்கு எழுதுங்கள். உங்கள் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.