ஏசி கேஸ் பிரஷர்: கேட்டதும் சொன்னதும்

வேளச்சேரியிலிருந்து: வருஷா வருஷம் சர்வீஸுக்கு வருபவர் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று ஏற்றிவிட்டுப் போகிறார். ஏசி என்றால் அப்படித்தானா?

பதில்: இல்லை. கேஸ் செலவாகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது. முதல் சந்தேகம் குழாய்களை இணைக்கிற ஃப்ளேர் நட் மேல். சோப்பு நுரை தடவிக் கொஞ்சம் பொறுத்தால் குமிழி விடும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மதுரை, ஐடிஐ மாணவர்: ஏசி ஓடாமல் நிற்கும்போதே ஆர்-32 கேஸ் போட்ட யூனிட்டில் கேஜ் 300 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டியது. ஓவர்சார்ஜா சார், கேஸ் அளவுக்கு மேல் ஏறிவிட்டதா?

பதில்: அன்றைக்கு வெயில் எவ்வளவு தம்பி? 35 டிகிரியில் ஆர்-32 சும்மா நின்றாலே 300 பக்கம்தான் காட்டும். அதே வெயிலில் பழைய ஏசிகளின் ஆர்-22 கேஸ் சுமார் 180. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. அடுப்படி சிலிண்டர் அரைவாசி தீர்ந்தாலும் அழுத்தம் அரைவாசி ஆவதில்லையே, அதே கதை. நிற்கும்போது பார்க்கிற பிரஷர், கேஸ் அடியோடு போய்விட்டதா என்று அறிய மட்டுமே உதவும்.

ஓடும்போதும் பிரஷரைத் தனியாகப் படிக்காதே. சக்‌ஷன் (கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) 120 என்றால் இன்டோர் காயிலில் ஆர்-32 கொதிப்பது 4, 5 டிகிரியில். பெரிய பைப்பில் தெர்மாமீட்டரைக் கட்டிப் பார். 10 காட்டினால் இடைவெளி ஐந்தாறு டிகிரி. அதுதான் சூப்பர்ஹீட். இந்த இடைவெளி பதினைந்துக்குப் போனால் காயிலுக்குத் திரவம் போதவில்லை. பூஜ்யத்தை நெருங்கினால் திரவமே கம்ப்ரசருக்குத் திரும்புகிறது; வால்வு, பேரிங் தாங்காது.

கோவையிலிருந்து: இன்டோரில் ஐஸ் கட்டுகிறது. கேஸ் ஏற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஃபில்டரைக் கழுவினீர்களா? காற்றோட்டம் குறைந்தாலும் சக்‌ஷன் இறங்கும், ஐஸ் கட்டும். கழுவிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

திருச்சி, மெக்கானிக்: சூப்பர்ஹீட் எல்லாம் வகுப்பறைப் பேச்சு சார். ஆர்-32 இன்வெர்ட்டர் ஏசிக்குப் பிரஷர் 150 வைத்துவிட்டு வந்துவிடுவேன். எவரும் குறை சொன்னதில்லை.

பதில்: கம்ப்ரசர் எந்த வேகத்தில் ஓடும்போது 150 அண்ணே? அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைக்கும், சக்‌ஷன் தானாக ஏறும். கேஸ் குறைவான யூனிட்கூட அப்போது 150 காட்டலாம். முழு வேகத்தில் ஓடும்போது 150 வரும்வரை ஏற்றினாலோ, மே மாத வெயிலில் ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் வெளித்தள்ளும் பக்கத்து அழுத்தம்) எகிறி யூனிட் டிரிப் ஆகும். அவுட்டோர் யூனிட்டின் விவரப் பலகையில் எத்தனை கிராம் கேஸ் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். தராசு எடுங்கள்.

அதே திருச்சி மெக்கானிக்: கேஸ் பாதி போன யூனிட்டில் மீதி எவ்வளவு என்று தராசு சொல்லுமா?

பதில்: நியாயமான கேள்வி. சொல்லாது. இருப்பதை ரெக்கவரி செய்து (சிலிண்டரில் திரும்பப் பிடித்து), குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பலகையில் உள்ள எடையை முழுசாக ஏற்றுவதுதான் முறை. வாடிக்கையாளர் அதற்குக் காசு தரமாட்டார் என்பீர்கள், பல வீடுகளில் அது உண்மைதான். குறைந்தபட்சம் டெஸ்ட் மோடில் போட்டு, முழு வேகத்தில் நிலைத்த பிறகு அளந்து பாருங்கள். 150 என்கிற ஒரே எண்ணை எல்லா வீட்டுக்கும் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சேலத்திலிருந்து: நைட்ரஜன் கிடைக்கவில்லை. வெல்டிங் ஆக்சிஜனில் லீக் டெஸ்ட் செய்யலாமா?

பதில்: கூடாது. அழுத்தமேறிய ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன் வரும்வரை வேலையை நிறுத்துங்கள்.

ஈரோட்டிலிருந்து: பழைய ஆர்-22 ஏசியில் ஆர்-32 ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், ஆயில் வேறு, போதாததற்குத் தீப்பிடிக்கும் வகை.

தாம்பரத்திலிருந்து: வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் மாற்றினால் நல்லதா?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும். கசிவு, கசிவு, கசிவு.

ஆவடியிலிருந்து: காருக்கு எவ்வளவு பிரஷர்?

பதில்: கார் ஏசி என் வேலை இல்லை. அதற்கென்று இருக்கிறவரிடம் போங்கள்.

திருச்சி மெக்கானிக்: டெஸ்ட் மோடுக்கு எந்த பட்டன் சார்?

பதில்: மாடலுக்கு மாடல் மாறும். அவுட்டோர் பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.