சேற்று நிலத்தில் நெடுஞ்சாலைக் கரை: கேள்வி பதில்

முப்பது வருடமாக மண் ஆய்வும் நிலப் பலப்படுத்தலும் என் வேலை. சாலைக்கரை (சாலைக்காக மண் கொட்டி எழுப்பும் மேடு) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கம் சைட் இன்ஜினியர்: 10 மீட்டர் மென்களிமண், மேலே 6 மீட்டர் கரை. வடிகால் பட்டை (பிவிடி, தண்ணீர் வெளியேறக் களிமண்ணில் செங்குத்தாக இறக்கும் பட்டை) கட்டாயமா? மண்ணைக் கொட்டி ஒரு மழைக்காலம் விட்டால் இறுகாதா?

இறுகாது, தம்பி. சுமை ஏறியதும் அதை முதலில் தாங்குவது களிமண் துளைகளில் இருக்கும் தண்ணீர்தான். அது வெளியேறினால்தான் மண் இறுகும், வலிமை கூடும். அதற்கு ஆகும் காலம், தண்ணீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேலும் கீழும் மணல் இருந்தால் உங்களுக்கு அந்தத் தூரம் 5 மீட்டர். இறுகல் கெழு (மண் எவ்வளவு வேகமாக இறுகும் என்பதன் அளவு) வருடத்துக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்தால் 90 சதவீதம் இறுக 21 வருடம் ஆகும்.

1.2 மீட்டர் இடைவெளியில் பட்டை இறக்கினால், தண்ணீர் பக்கவாட்டில் அரை மீட்டர் சொச்சம் போனால் போதும். களிமண்ணில் கிடையாக நீர் பெரும்பாலும் வேகமாகவே போகும். இரண்டு மடங்கு வேகம் என்று வைத்தால் கணக்கில் ஆறேழு மாதம் வரும். ஆனால் பட்டையை இறக்கும் குழல் சுற்றியுள்ள மண்ணைக் கலக்கிவிடும், நீர் போவது அங்கே தடைபடும். ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. களிமண்ணின் வலிமை 10 கிலோபாஸ்கல் என்றால் அதை 5.14 ஆல் பெருக்கி, கரைமண்ணின் எடையான 18 ஆல் (கன மீட்டருக்குக் கிலோநியூட்டனில்) வகுத்தால் 2.9 மீட்டர். அந்த உயரத்தில் கரை சரியும். பாதுகாப்பாக ஏற்றக்கூடியது 2 மீட்டர். அடுத்த அடுக்கு, கீழே இறுகிய பிறகுதான். இறுகிவிட்டதா என்று பீசோமீட்டர் (துளைத் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி) சொல்லும். அதைப் பார்க்காமல் ஒரு லோடுகூட ஏற்றாதீர்கள்.

கொழும்பு வாசகர்: எங்கள் ஊரில் களிமண் இல்லை, கரிச்சதுப்பு. அதே முறைதானா?

இல்லை. பெரும்பாலும் அரைகுறையாக அழுகிய செடிகொடிதான் அந்த மண். தண்ணீர் வெளியேறி முடிந்த பிறகும் வருடக்கணக்கில் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். 2011இல் திறந்த உங்கள் தெற்கு அதிவேகப் பாதையில் சதுப்பான இடங்களில் கனமான எடையை மேலிருந்து போட்டு இறுக்கினார்கள், வெற்றிட முறையில் தண்ணீரை உறிஞ்சினார்கள். நாளைக்குச் சாலை கொடுக்கப்போகும் சுமையைவிட அதிகமாக முன்சுமை வைத்து, பிறகு எடுத்துவிட வேண்டும். அப்போது பின்னால் வரும் இறக்கம் வெகுவாகக் குறையும்.

நான்கு பேர்: ஜியோகிரிட் (கரைக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் வலை) விரித்தால் இறக்கம் நின்றுவிடுமா?

நிற்காது. அது கரை பக்கவாட்டில் விரிந்து சரியாமல் பிடிக்கும். கீழே உள்ள 10 மீட்டர் களிமண் அமுங்குவதை ஒரு விரிப்பு எப்படித் தடுக்கும்?

திருச்சி: வயலில் வீடு கட்டுகிறேன், எத்தனை அடி தோண்ட வேண்டும்?

ஊரில் உள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போங்கள். போர் போட்டுப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மலப்புறத்தில் வேலை செய்பவர்: 2025 மே 19 அன்று கூரியாட்டில் தேசிய நெடுஞ்சாலை 66இன் கரை வயலில் சரிந்தது. கடைசியில் அங்கே தூண்மேல் பாலம் என்று முடிவானது. முதலிலேயே பாலம் கட்டினால் இந்தப் பட்டை, கல்தூண் (மண்ணில் துளையிட்டுக் கல் நிரப்புவது) எல்லாம் வீண்தானே?

கீழே இருந்த வயல் மண்ணின் தாங்குதிறன் போதவில்லை என்றுதான் நெடுஞ்சாலை ஆணையமே சொன்னது. அது முறையின் தோல்வியா? மண்ணைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற நேரம் கொடுத்தார்களா என்பதே கேள்வி. பாலத்துக்குப் பல மடங்கு செலவு.

அவரே: செலவு கூடினாலும் உயிர் முக்கியம் ஐயா. வெள்ளமும் அடியில் போகும்.

வெள்ளம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். வயல்வெளியில் நீண்ட கரை ஓர் அணை மாதிரி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் நானும் பாலம்தான் கேட்பேன். ஆனால் பாலம் எங்காவது முடிய வேண்டுமே? முடியும் இடத்தில் அணுகுகரை, அதுவும் அதே சேற்றில்தான். பாலம் இறங்காது, கரை இறங்கும், வண்டி தூக்கிப்போடும். அங்கே பட்டையோ கல்தூணோ இல்லாமல் தப்ப முடியாது.

அவரே: பீசோமீட்டர் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது.

உண்மை. அதுதான் என் கவலையும். நான் பார்த்த ஒரு வேலையில் அளவு ஏறிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னேன். தேதி நெருங்குகிறது என்று ராத்திரியில் ஒன்றரை மீட்டர் ஏற்றினார்கள். காலையில் பக்கத்து வயல் வரப்போடு எழும்பி நின்றது, கரை நடுவில் பிளந்திருந்தது. நடவு முடிந்திருந்த வயல் அது.

வேறு இருவர்: ஜியோகிரிட் இரண்டு அடுக்கு போட்டால்?

மேலே பதில் இருக்கிறது. அடுக்கு எத்தனை ஆனாலும் அதே பதில்தான்.

கடலூர்: முன்சுமையை எப்போது எடுக்கலாம்?

காலண்டரைப் பார்த்து எடுக்காதீர்கள். செட்டில்மென்ட் தகட்டின் (இறக்கத்தை அளக்கக் கரைக்கு அடியில் வைக்கும் தகடு) அளவுகளைச் சம இடைவெளியில் எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதோடு வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அது 45 பாகைக் கோட்டைத் தொடும் இடம்தான் கடைசி இறக்கம். ஜப்பானின் அசாவோகா 1978இல் கொடுத்த வழி இது. அதில் 90 சதவீதம் வந்த பிறகு எடுங்கள்.