மணி அடிப்பதற்குள் முடியும் வேலை

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் 27 பிள்ளைகள் என் அறையில். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். பாடம் நடத்துவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் பதிவேட்டைத் தேடுவது, யார் நோட்டு வைக்கவில்லை என்று பார்ப்பது, பென்சில் சண்டையைத் தீர்ப்பது, வாட்ஸ்அப் குழுவில் கேட்கும் விவரத்தை அனுப்புவது என்று நாள் கரைந்துவிடுகிறது. 4.30 பேருந்தை விட்டால் அடுத்தது 6 மணிக்கு. அதனால் நோட்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிச் செல்கிறேன். டைரி வாங்கி அன்றாட வேலைகளை எழுதிப் பார்த்தேன். சில நாளில் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னிடம்தான் ஒழுங்கு போதவில்லையா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் பாடம் நடத்துவதைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. நீங்கள் சொல்லும் தொல்லைகள் யாவும் ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் நிகழ்பவை. அவற்றுக்குக் காரணம் உங்கள் சோம்பலோ மறதியோ அல்ல. அந்த அறையில் எது எங்கே இருக்கிறது, யார் எதைச் செய்ய வேண்டும், அடுத்து என்ன என்ற மூன்றும் உங்கள் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. 27 பிள்ளைகளும் அந்தத் தலையையே நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த டைரியாலும் உதவ முடியாது. டைரி உங்களுக்கு நினைவூட்டுமே தவிர, உங்களைக் கேட்காமலே வேலை நடக்கும்படி செய்யாது.

வேலையை வீட்டுக்குத் தூக்கிச் செல்வதைக் கடமையுணர்வின் அடையாளமாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்று வகுத்தபோது, பாடத் தயாரிப்புக்கான நேரத்தையும் அதற்குள்தான் சேர்த்தது. எனவே உங்கள் பேருந்து நேரத்தை ஒரு நல்ல எல்லையாகவே எடுத்துக்கொண்டு, அதற்குள் எதையெல்லாம் பள்ளியிலேயே முடிக்கலாம் என்று பார்ப்போம்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் விரிந்த, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் முறையை, உங்கள் பள்ளியின் பழைய தட்டுகளையும் அட்டைகளையும் பார்த்தாவது அறிந்திருப்பீர்கள். அந்த முறையின் கல்விப் பயன் பற்றிப் பலருக்குப் பல கருத்து உண்டு. அதற்குள் நான் போகவில்லை. அந்த வகுப்பறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே குறித்தது. காலநிலை அட்டவணையை நிரப்பியது. பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, சின்னத்தைக் கொண்டு தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. "டீச்சர், நான் என்ன செய்யட்டும்?" என்ற கேள்விக்கு அறையே பதில் வைத்திருந்தது. முறை மாறியபோது அட்டைகளோடு இந்த ஏற்பாட்டையும் பல பள்ளிகள் மூட்டை கட்டி வைத்துவிட்டன என்பது என் வருத்தம். நீங்கள் மீட்டெடுக்க வேண்டியது இதைத்தான்.

காலையிலிருந்து தொடங்குங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபின், முதல் மணிக்கு முந்தைய நேரத்தின் இயல்பே மாறிவிட்டது. பிள்ளைகள் கூட்டமாக வருவதில்லை. சாப்பிட்டு, தட்டைக் கழுவி, ஒவ்வொருவராக வகுப்புக்குள் நுழைகிறார்கள். இந்தச் சிதறலைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். வரவேற்க வேண்டிய வசதி இது. ஏனெனில் ஒரே நேரத்தில் 27 பேரைச் சமாளிக்க வேண்டியதில்லை. கதவருகே, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒன்று முதல் 27 வரை எண்ணிட்ட ஓர் அட்டையை மாட்டுங்கள். மூன்று வகுப்புக்கும் மூன்று வரிசை எண் வேண்டாம். பதிவேட்டில் எப்படி இருந்தாலும் அறைக்குள் ஒரே தொடர் எண் இருக்கட்டும். உள்ளே வரும் பிள்ளை தன் எண்ணுக்கு எதிரே பெயர்ச்சீட்டைத் திருப்பி வைக்க வேண்டும், நோட்டை அதன் பெட்டியில் வைக்க வேண்டும், கீழ்மட்டக் கரும்பலகையில் தன் பகுதியில் அன்றைய தேதியை எழுத வேண்டும். இந்த மூன்று வேலைகளும் தினமும், மாறாத வரிசையில் நடக்கட்டும். காலை வணக்கக் கூட்டம் முடிந்து நீங்கள் வரும்போது திருப்பப்படாத சீட்டுகளே வராதவர்களின் பட்டியல். நீங்கள் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தால், பதிவேட்டிலும் கல்வித் துறையின் எமிஸ் செயலியிலும் வருகையை ஒரே அமர்வில் பதிந்துவிடலாம். பெயர் கூப்பிடும் வழக்கம் பிடிக்குமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தம் பெயரைக் கேட்பதும் நல்லதே. ஆனால் அது பதிவேட்டுக்கான வேலையாக இருக்க வேண்டியதில்லை.

கதவருகே ஒரு பெரிய காகித உறையையும் தொங்கவிடுங்கள். ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், விடுப்புக் கடிதம் என்று பெற்றோர் கொடுத்தனுப்பும் எதுவும் உங்கள் கைக்கோ மேசைக்கோ வராமல் நேரே அந்த உறைக்குள் போகட்டும். மதிய உணவு இடைவேளையில் ஒருமுறை மட்டும் அதைத் திறங்கள்.

நோட்டுகளுக்கு வருவோம், உங்கள் பையின் எடை அங்கேதான் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று மூன்று பாடத்துக்கும் 27 பேர் எழுதினால் ஒரு நாளில் 81 நோட்டு. இதை எந்த மனிதராலும் ஒரு மாலைக்குள் அக்கறையோடு திருத்த முடியாது. கையெழுத்து வேண்டுமானால் போடலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு, மறுநாள் காலை திரும்பிவரும் சிவப்பு மையைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து "இந்தக் கொம்பு எங்கே?" என்று கேட்கும் ஆசிரியர்தான் பயன்படுவார். ஆகவே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசைகளுக்கிடையே நடந்து, எழுதும் இடத்திலேயே திருத்துங்கள். அன்றாடம் பார்ப்பது இவ்வளவே. ஊன்றிப் பார்ப்பதற்கு நாள் வகுத்துக்கொள்ளுங்கள்: திங்களன்று அரும்பு நிலைப் பிள்ளைகளின் நோட்டுகள், செவ்வாயன்று மொட்டு, புதனன்று மலர் என்று மூன்று கற்றல் நிலைகளின்படியோ, எண் வரிசையில் நாளைக்கு ஆறு பேர் என்றோ. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து நீங்கள் நிலைவாரியாகவே குழு அமைத்து வருவதால், முதல் வழி உங்களுக்கு எளிதாக இருக்கும். குழுவின் மற்றப் பிள்ளைகள் பயிற்சி நூலில் இருக்கும்போது ஒவ்வொருவராக அருகில் அழைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையோடு மூன்று நிமிடம் தனியாகப் பேசக் கிடைக்கும் இந்த வாய்ப்பு வேறெப்படியும் கிடைக்காது.

நோட்டின் மேலட்டையில், வலப்பக்க மூலையில், அந்தத் தொடர் எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அடுக்கும் பொறுப்பை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்தால், அவர்கள் எண் வரிசையில் அடுக்கி, விடுபட்ட எண்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுவார்கள். யார் வைக்கவில்லை என்ற விசாரணை அத்தோடு முடிந்தது. பென்சில் சண்டைக்கு இரண்டு டப்பாக்கள் போதும்: ஒன்றில் சீவியவை, மற்றொன்றில் சீவ வேண்டியவை. மொட்டையானதைப் போட்டுச் சீவியதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் பொறுப்பாளர் சீவி வைப்பார். இதற்கெல்லாம் வண்ணப் பெட்டிகளும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளும் வேண்டும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். விலையில்லாப் பாடநூல்கள் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளே தாராளம்.

அலைபேசியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். "உடனே அனுப்பவும்" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே விவரங்களைத்தான் வெவ்வேறு கட்டங்களில் கேட்கின்றன: வகுப்புவாரியாக, பாலினவாரியாக, இனவாரியாகப் பிள்ளைகளின் எண்ணிக்கை, சீருடை அளவு, காலணி அளவு, வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், மாற்றுத்திறன் உள்ளவர்கள். இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, மாதத்தின் முதல் வேலைநாளில் மட்டும் திருத்துங்கள். தலைமையாசிரியரிடமும் அதன் பிரதி ஒன்று இருக்கட்டும். விவரம் கேட்கப்படும்போது கணக்கெடுக்க வேண்டாம், பார்த்து எழுதினால் போதும். செய்தி பார்ப்பதற்கு மதிய இடைவேளையும் பள்ளி முடியும் நேரமும் என்று இரண்டு வேளையை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் வட்டார அலுவலகத்திலிருந்து தலைமையாசிரியரை அழைப்பார்கள். குழுவில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள்.

இனி தலைமையாசிரியர் இல்லாத நாள். இதைத்தான் நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கோ இதுதான் முதன்மையாகப் படுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வட்டார வள மையத்துக்கோ பயிற்சிக்கோ விடுப்பிலோ போவது எதிர்பாராத நிகழ்வல்ல. ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போகும் நாள் அது. வரும் என்று தெரிந்த நாளுக்கு அன்று காலையில் யோசிப்பதால்தான் அது உங்களைத் தின்றுவிடுகிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு நாளைக்கான வேலைகளை ஒரு பையில் முன்கூட்டியே தயாராக வையுங்கள். அதில் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்கு, முடித்த பாடங்களிலிருந்து கணக்குத் தாள்களும், படித்துக் கேள்வி எழுத ஒரு பத்தியும். உங்கள் பிள்ளைகளுக்குப் படம் பார்த்து எழுதுதலும் எண் அட்டை விளையாட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் என்று வாசிப்பு இணைகளை நிரந்தரமாக அமைத்துவிட்டால், முற்பகலில் முக்கால் மணி நேரம் வாசிப்பிலேயே போகும். பெரிய பிள்ளைகளும் தாம் தடுமாறும் எழுத்துகளை வெட்கமில்லாமல் அங்கேதான் சரிசெய்துகொள்வார்கள். பையைப் பயன்படுத்திய மறுநாளே அதை நிரப்பிவிட வேண்டும் என்பதைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர் வகுப்புக்கான தாள்களை அவரே தர வேண்டும். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். நீங்கள் விடுப்பெடுக்கும் நாளில் அதே பைதான் அவருக்கும் கைகொடுக்கும்.

மாலையில், கடைசி மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே பாடத்தை நிறுத்துங்கள். இந்த ஆலோசனையைச் சொன்னால் பாட நேரம் வீணாகிறதே என்று பல ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். தேடுதலிலும் விசாரணையிலும் பகலெல்லாம் சிந்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. பொறுப்பாளர்கள் பெட்டிகளை அடுக்கி, வாசிப்புக் களத்துப் புத்தகங்களை எண்ணி வைக்கட்டும். மற்றவர்கள் தம் இடத்தைச் சுத்தம் செய்யட்டும். நீங்கள் அமர்ந்து, பணி நிறைவுப் பதிவேட்டில் அன்று நடந்ததை அன்றே இரண்டு வரி எழுதுங்கள். பிறகு மறுநாளைய தேதியையும் முதல் செயல்பாட்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வையுங்கள். பதிவேட்டை வாரக் கடைசியில் மொத்தமாக எழுதும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நினைவிலிருந்து எழுதும் வெள்ளிக்கிழமைப் பதிவேடு நேரத்தையும் தின்னும், உண்மையாகவும் இராது.

இவை எதையும் ஒரே நாளில் அறிவித்து நடத்திவிட முடியாது. பெட்டியில் நோட்டு வைப்பதையும், மெல்லெழுந்து வரிசையில் போவதையும், நீங்கள் கைதட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டிவிட்டு அமைதியாவதையும், ஒரு பாடத்தைப் போலவே செய்துகாட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும். அரையாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் முதல் வாரத்தில் காலை வரிசையை மட்டும் பழக்குங்கள். அது உங்கள் சொல் இல்லாமலே நடக்கத் தொடங்கியபின் நோட்டு அடுக்குவது, அதன்பின் மாலைப் பொழுது. பொறுப்பாளர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே எப்போதும் கொடுத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொள்வார்கள். நீண்ட விடுப்பிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு முறையைக் கற்றுத்தருவதும் பொறுப்பாளரின் வேலையே.

பழக்கும் அந்த வாரத்தில் பாடம் சற்றுப் பின்தங்கும். தலைமையாசிரியரிடம் அதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.