பியானோவில் வியோலா மூழ்காமல் இருக்க

கேள்வி: நான் பியானோ கற்றவள். வியோலாவும் பியானோவும் சேர்ந்து வாசிக்க, செவ்வியல் பாணியில் ஆறு நிமிட இசை ஒன்று எழுதியிருக்கிறேன். முதல் ஒத்திகையில் வியோலா கேட்கவே இல்லை. பியானோவை மெல்ல வாசித்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சத்தத்தைக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டு கருவிகளின் சுரங்களும் ஒரே சுருதிப் பகுதியில் நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் சிக்கல்.

வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வியோலாவின் தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. அந்தத் தாழ்ந்த சுருதி முழுதாக ஒலிக்க, உடல் வயலினைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம் இருக்கவேண்டும். அவ்வளவு பெரிதானால் தோளில் வைக்க முடியாது. அதனால் 38 முதல் 43 செ.மீ. வரையான உடலோடு நிறுத்திக்கொண்டார்கள். அதன் கம்மிய, உருக்கமான குரல் அப்படி வந்ததுதான். சீக்கிரம் மூழ்கிப்போவதும் அதனால்தான்.

பியானோக்காரர்களின் கை இயல்பாகவே விசைப்பலகையின் நடுவிலுள்ள மிடில் சி-யைச் சுற்றி நெருக்கமான கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) தேடும். வியோலாவின் கீழ்த் தந்திகள் பாடும் இடமும் அதுதான். எழுதியதை எடுத்து, வியோலா சி, ஜி தந்திகளில் இருக்கும் பகுதிகளைப் பாருங்கள். அங்கே பியானோவின் நடுப்பகுதியைக் காலி செய்யுங்கள். வலது கை இரண்டு ஸ்தாயி மேலே போகட்டும், இடது கைக்கு ஆழத்தில் ஒற்றைச் சுரம் போதும்.

இன்னொன்று. பியானோவில் தட்டிய சுரம் அந்த நொடியே தேயத் தொடங்கும். வில்லால் இழுக்கும் சுரமோ வளரும். கார்டை ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருங்கள். இசையமைப்பாளர் ரெபெக்கா கிளார்க் வியோலாவுக்கும் பியானோவுக்கும் எழுதிய 1919 சொனாட்டாவின் தொடக்கத்தைக் கேளுங்கள்: பியானோ கார்டைப் பிடித்தபடி நிற்க, வியோலா அதன்மேல் சுதந்திரமாகப் பேசுகிறது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1975இல், தன் கடைசிப் படைப்பான வியோலா சொனாட்டாவில், முதலில் வியோலாவை மட்டும் விரலால் மீட்டவிட்டு, அப்புறம்தான் பியானோவைக் கொண்டுவருகிறார்.

வியோலா ஏ தந்திக்கு ஏறும்போது பியானோ தாராளமாக நடுவுக்கு வரலாம். ஆனால் ‘மேலே இருந்தால் கேட்கும்’ என்று முழுவதையும் மேலேயே எழுதிவிடாதீர்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் கிளாரினெட் சொனாட்டாக்களை வியோலாவுக்கு மாற்றியபோது சில இடங்களை ஒரு ஸ்தாயி கீழேதான் இறக்கினார். இந்தக் கருவியை நாம் நேசிப்பதே அந்தக் கீழ்க்குரலுக்காகத்தானே!

திருத்தியதும் வியோலாக் கலைஞரை அறையின் மறுகோடியில் நிற்கவைத்து, ராகவரியைத் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். பியானோவில் ஒவ்வொரு குரலாக (தனித்தனிச் சுரவரியாக) சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்தக் குரல் சேர்ந்ததும் வியோலா மங்குகிறதோ, அதை நீக்கிவிடுங்கள்.

அவருக்கான தாளை, வியோலாவுக்கு வழக்கமான சுரக்குறியான ஆல்டோ கிளெஃபில் எழுதிக் கொடுங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கும் என்பதால், பக்கம் புரட்டும் இடத்தில் சில தாள அளவுகளுக்கு (பார்) ஓய்வும் வையுங்கள்.