ஏற்காட்டில் நடக்கும் காதல் மர்ம நாவல் எழுத ஆசை. காதலை முதலில் யோசிப்பதா, மர்மத்தையா? வேலைக்குப் போய்க்கொண்டே எழுத முடியுமா? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் சேலம், அஸ்தம்பட்டி. பகலில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், விடியற்காலையில் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கதை வகை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

காதலுக்கு ஒரு நோட்டு, மர்மத்துக்கு ஒரு நோட்டு என்று போடாதீர்கள். இந்த வகைக் கதைக்கு ஒரே கேள்விதான்: இவனை நம்பலாமா? நாயகியின் மனசு கேட்பதும் அதைத்தான், துப்புத் துலக்குகிறவர் கேட்பதும் அதைத்தான். காதலை உருவிவிட்டாலும் போலீஸ் ஆளைப் பிடித்துவிடும் என்றால் அது க்ரைம் நாவல். கொலையை உருவிவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடும் என்றால் அது குடும்ப நாவல். இரண்டுமே நான் விரும்பிப் படிக்கிறவைதான். நீங்கள் கேட்பது மூன்றாவது ஒன்று.

தமிழில் இதை அழகாகச் செய்து காட்டிய கதை குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. நூலின் பெரும்பகுதி அழிந்துபோய்ச் சில பாட்டுகள்தான் மிச்சம். கதை, நீலகேசி என்ற சமண நூலின் உரை வழியாக நமக்குக் கிடைத்தது. வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் காளன் என்ற கள்வனைப் பார்த்து ஆசைப்படுகிறாள். அப்பா அரசனிடம் பேசி அவனை மீட்டு மகளுக்குக் கட்டிவைக்கிறார். நன்றாகத்தான் வாழ்கிறார்கள். ஒருநாள் ஊடலில், விளையாட்டாக, நீ கள்வன்தானே என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவனுக்குள் தைத்துவிடுகிறது. மலை உச்சிக்குக் கூட்டிப்போய், உன்னைக் கொல்லத்தான் இங்கே அழைத்து வந்தேன் என்கிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வந்துகொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, பின்பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

அவன் கள்வன் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் ஆசைப்பட்டாள். ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை, கொஞ்சலாகச் சொன்ன ஒரு வார்த்தையில் முளைக்கிறது. கணவனை வலம் வருவது மனைவி செலுத்தும் மரியாதை, அவள் உயிரைக் காப்பாற்றுவதும் அதே வலம்தான். காதலும் பயமும் ஒரே அசைவில் கூடிவிட்டன. இதைத்தான் நாம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தேட வேண்டும். நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த 'மந்திரி குமாரி', மு. கருணாநிதி வசனத்தில், இந்தக் கதையை வைத்து வந்ததுதான். அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு ஏற்காடு சாலையில் இன்னமும் நிற்கிறது. மலைக்குப் போகும்போது ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், அவர்கள் கல்யாணம் ஆனவர்கள். நம் வாசகிகளுக்குப் பெரும்பாலும் சஸ்பென்ஸ் தாலிக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். காதலன் மேல் சந்தேகம் வந்தால் போனை எடுக்காமல் இருந்துவிடலாம். கணவன் மேல் வந்தால் அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சந்தேகப்பட வேண்டும். அம்மா வீட்டுக்குப் போனால், ஏன் வந்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அவளால் வெளியே சொல்ல முடியாத நிலைமை நம் குடும்ப அமைப்பிலேயே இருக்கிறது. கதவைப் பூட்டி வைக்கும் வில்லன் தேவையே இல்லை.

ஒரு உதாரணம் போடுகிறேன். நாயகி கல்யாணமாகி ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு வருகிறாள். பழம் பறிக்கும் பருவம். சாயந்திரம் ஆட்கள் மூட்டையை இறக்கி எடை போடுகிறார்கள். மேஸ்திரி பேரைக் கூப்பிடக் கூப்பிட, நோட்டில் கிலோ ஏறுகிறது. கணக்குப் படித்தவள், சும்மா புரட்டிப் பார்க்கிறாள். போன வருஷமே இறந்துபோன ஒரு பாட்டியின் பேரில் இந்த வாரமும் கூலி எழுதியிருக்கிறது. பக்கத்தின் அடியில் கணவனின் கையெழுத்து. இங்கே சண்டை போடவும் விடாதீர்கள், கேள்வி கேட்கவும் விடாதீர்கள். அன்று ராத்திரி அவன் ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக அவள் தட்டில் வைக்கட்டும். கையெழுத்துப் போட்ட அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே அவள் சாப்பிடட்டும். அந்தப் பணம் பாட்டியின் பேத்தியைப் படிக்க வைக்கிறதா, யார் வாயையாவது அடைக்கிறதா என்பது பல அத்தியாயம் கழித்துத் தெரிந்தால் போதும். அவன் நல்லவன் என்று வைத்துப் படித்தாலும் துப்பு பொருந்த வேண்டும், கெட்டவன் என்று வைத்துப் படித்தாலும் பொருந்த வேண்டும்.

இடத்தைப் பற்றி: மூடுபனி, தனி பங்களா என்று உடனே ஆரம்பிக்கத் தோன்றும். நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு நடக்கும்போது எஸ்டேட்டில் தனிமை ஏது? எப்போதும் ஆள் நடமாட்டம்தான். மே மாதம் கோடை விழாக் கூட்டம். கோடை மழைக்குக் காபி பூக்கும் அந்தச் சில நாட்களை யோசியுங்கள். வெள்ளைவெளேர் என்று செடியெல்லாம் பூ, மல்லிகை போல வாசம். பயமான காட்சியை அங்கே வைத்தால் படிக்கிறவருக்கு மறக்காது. பாதையும் முக்கியம். அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் மண் சரிந்து நாயகி மேலேயே மாட்டிக்கொண்டாள் என்று எழுதினால், சேலத்து வாசகி முதல் கமெண்டிலேயே கேட்பார்: "குப்பனூர் வழியா இறங்கியிருக்கலாமே சிஸ்?" நியாயமான கேள்வி, மலையிலிருந்து இறங்க அது இன்னொரு வழி. அந்தப் பாதையை அடைக்க ஒரு காரணம் வையுங்கள், இல்லை வில்லனை அந்த வழியாக வர விடுங்கள்.

முதல் யூடி (அப்டேட், அதாவது தொடரின் ஒரு பகுதி) போடுவதற்கு முன்பே கடைசி அத்தியாயங்களை எழுதி வைத்துவிடுங்கள். இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். தொடராகப் போட ஆரம்பித்ததும் "ஹீரோ பாவம் சிஸ், அவர் செஞ்சிருக்க மாட்டார்" என்று அன்பாகக் கேட்பார்கள். அந்த அன்பு உண்மையானது, எழுதுகிறவருக்குத் தெம்பும் அதுதான். ஆனால் முடிவு கையில் இல்லையென்றால் அதில் கரைந்து, குற்றமெல்லாம் கடைசியில் திடீரென வந்த ஒரு சித்தப்பா தலையில் விழும். அதுவரை வைத்த துப்புகள் எல்லாம் வீண். ஆன்டி ஹீரோ, அதாவது கெட்ட குணமுள்ள நாயகன் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாயகன் எதை வேண்டுமானாலும் மறைக்கட்டும், பொய்கூடச் சொல்லட்டும். அவளை அடிப்பதையும் மிரட்டுவதையும் காதல் என்று எழுதாதீர்கள். நம்பலாமா என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் வந்துவிட்டது, அதற்கு மேல் சஸ்பென்ஸ் எங்கே இருக்கிறது?

வேலையோடு எழுத முடியும். தினம் யூடி தருவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வாரம் இரண்டு, சொன்ன கிழமையில் போட்டால் வாசகிகள் காத்திருப்பார்கள். பிரதிலிபி மாதிரித் தளங்களிலோ எழுத்தாளர்கள் நடத்தும் தளங்களிலோ தொடங்கலாம். கதை முடிந்ததும் கிண்டில் அன்லிமிடெட்டில் (சந்தா கட்டி மின்னூல் படிக்கும் அமேசான் சேவை) போடும் எண்ணம் இருந்தால், அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால்தான் கதை முடிந்த கையோடு பலரும் லிங்கை எடுத்துவிடுகிறார்கள். மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு இது வருத்தம், பாதியில் கதை காணாமல் போகிறது. எப்போது எடுப்பீர்கள் என்பதை முதல் யூடியிலேயே சொல்லிவிடுங்கள். கிண்டில் அன்லிமிடெட்டில் வாசித்த பக்கங்களைக் கணக்கிட்டுத்தான் பணம் வரும். பாதியில் மூடி வைக்க முடியாத கதை எழுதுகிறவருக்கு அது நல்லதுதான்.